குளத்துக்காரி வீட்டுப் பெண்

ஒரு பெண் ஒருவனோடு ஓடிப்போனால் மறுநாள் காலையில் பையன் வீட்டுப் பெரியவர்கள்தான் வரவேண்டும். பெண் வரக்கூடாது. வந்தவர்களைப் பெண்ணைப் பெற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். நாலு வார்த்தை திட்டுவார்கள். அப்புறம் வெற்றிலை பாக்கு வரும், நாள் குறிக்கிற பேச்சு வரும். எங்கள் மணிப்பூர்ப் பள்ளத்தாக்கில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடக்கிறது, யாரும் மூக்கின்மேல் விரல் வைப்பதில்லை.

ஆகவே லந்தோனி அன்று காலை உலையில் அரிசியைக் கூடுதலாகவே போட்டிருந்தாள். முந்தின நாள் மத்தியானம் மகள் தம்பல் அரிசி கழுநீரில் வாசனை இலைகளைக் கொதிக்கவைத்துத் தலைக்குக் குளித்ததையும், பெட்டியிலிருந்த ஒரே பட்டுத் துணியைப் பைக்குள் திணித்ததையும் அவள் பார்த்துவிட்டாள். பார்க்காதவள் மாதிரி கொல்லைப் பக்கம் போய் மீன் பானைகளை உருட்டிக்கொண்டிருந்தாள். பையன் இங்கோச்சா, லோக்டாக் ஏரிக்கு அந்தக் கரை. வேன் ஓட்டுகிறவன், குடிக்கமாட்டான். வேறென்ன வேண்டும்? வருகிறவர்களைத் திட்டுவதற்கு நல்ல வார்த்தைகளாக நாலு யோசித்துக்கூட வைத்திருந்தாள்.

வேன் வந்தது. இறங்கியது தம்பல்.

ஓட்டி வந்தது இங்கோச்சா இல்லை, வேறு எவனோ. தம்பலுக்குப் பின்னால் இறங்கிய இரண்டு பெண்கள் படலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவர்களில் மூத்தவள், "உங்க பொண்ண உங்ககிட்ட விட்டாச்சு, இனி எங்க மேல பழி இல்ல" என்றாள். அதையும் லந்தோனியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வேலி மூங்கிலைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன கையோடு வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராத்திரி தங்கவைத்த பெண்ணைக் காலையில் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அவமானம் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைவிட நேராக வந்து முகத்தில் சாணியை அடித்துவிட்டுப் போயிருக்கலாம்.  லந்தோனி மகளை உள்ளே இழுத்து உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். முறைப்படி தம்பலைப் பையன் வீட்டில் வைக்காமல் அவனுடைய அத்தை இபெதோன் வீட்டில் தங்கவைத்தார்கள். அத்தைக்காரி முதலில் உருகித்தான் போனாள். சோறு போட்டாள், தலையை வாரிவிட்டாள். வாரிக்கொண்டே எந்த ஊர், எந்த வீடு என்று விசாரித்தாள். குளத்தங்கரையில் இரண்டு நெல்லி மரம் நிற்குமே, அந்த வீடு என்று தம்பல் சொன்னாள். தலையிலிருந்த சீப்பு அங்கேயே நின்றுவிட்டது. விடிந்ததும் அத்தையின் பேரக்குழந்தை சோறு தின்கிறபோது தம்பல் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது. அவ்வளவுதான், வேனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அவன் எங்கடி இருந்தான்?" என்று லந்தோனி கேட்டாள்.

"அங்கதான் இருந்தாரு இமா" என்றாள் தம்பல். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்துக் கதைகளில் பேய்க்கும் புலிக்கும் பஞ்சமில்லை. மாலை மங்கினால் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அதைத்தான் சொல்வோம். ஆனால் மற்றப் பேய்களெல்லாம் ஏதோ ஒரு மலையில், ஏதோ ஒரு காட்டில் இருப்பவை. இந்த ஒரு கதைக்குத்தான் பாழாய்ப்போன விலாசம் உண்டு. கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி பின்வாங்கிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊரிலேயே தண்ணீர் இருந்தது ஒரே ஒரு குளத்தில்தான். அந்தக் குளம் புருஷன் இல்லாமல் மகளோடு வாழ்ந்த ஒருத்திக்குச் சொந்தம். அவளுக்கு முழங்கால் வரை கூந்தல். தண்ணீருக்கு வந்தவர்களிடம் அவள் நெல் கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கிற வீட்டிலிருந்து தினம் ஒரு குழந்தை வந்து தன் தலையில் பேன் பார்க்கவேண்டும், அது போதும் என்றாள். குழந்தைகள் போயின. பேன் பார்க்கிற குழந்தையை அவள் கண்ணாடியில் பார்ப்பாள். பார்வையாலேயே அதன் ஈரலைத் தின்பாள். வீட்டுக்கு வந்த குழந்தை கொட்டாவி விடும், படுக்கும், எழுந்திருக்காது. ஒரு கெட்டிக்கார மருமகள் மட்டும் பூசணிக்காய்க்குச் சட்டை போட்டு, அதைக் குழந்தை என்று இருட்டு மூலையில் உட்காரவைத்துவிட்டு ஒளிந்துகொண்டாள். குளத்துக்காரி கண்ணாடியில் பார்த்தாள், மென்றாள், விதை தொண்டையில் சிக்கி இருமினாள். குட்டு வெளிப்பட்டது. ஊரே மீன் குத்தும் ஈட்டியோடு துரத்த, அவள் தன் குளத்திலேயே குதித்து விரால் மீனாகிப் போனாள். குதிப்பதற்கு முன்னால், விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதுபோலத் தன் பார்வையை மகளின் கண்ணில் ஏற்றிவிட்டுப் போனாள். அந்த மகளின் வீடு இன்னும் இருக்கிறது. குளத்தங்கரையில் இரண்டு நெல்லி மரம். போனால் அந்த வீட்டுப் பெண்களின் கண்ணைப் பார்க்காதே.

அவர்களுக்கு ஹிங்சாபி என்று பெயர். உயிரைத் தின்கிறவள் என்று அர்த்தம். அது தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் என்பார்கள். கல்யாணப் பேச்சில் முதலில் விசாரிப்பதே அதைத்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

லந்தோனி அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் கூடப்படித்தவர்கள் சொல்லித்தான் முதலில் கேட்டாள். அவளைச் சுற்றி நின்று, முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அழுதபோது அவள் அம்மா கதையை மறுக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் தலையைத் தூக்காதே, சாப்பிடுகிற குழந்தையைப் பார்க்காதே, பச்சைக் குழந்தையை அழகு என்று சொல்லாதே என்று விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். லந்தோனி அவ்வளவையும் கடைப்பிடித்தாள். உள்ளூரில் யாரும் அவளைக் கட்டவில்லை. அசாமின் கச்சார் பக்கத்திலிருந்து தச்சுவேலைக்கு வந்த குலபிது கட்டிக்கொண்டு இந்த வீட்டிலேயே தங்கினான். கதை அவன் காதுக்கு எட்டும்போது மடியில் தம்பல் இருந்தாள். கேட்டுவிட்டு, "அப்படியா, என் ஈரல் கசக்கும், அவ தொடமாட்டா" என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போனான். அந்த மனுஷனை லந்தோனிக்கு உயிருக்குயிராகப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பிழைப்பு ஙாரி. சின்னக் கெண்டையைக் காயவைத்து, எண்ணெய் ஊறிய பானையில் அழுத்தி அடைத்து, மண் பூசிப் புளிக்கவிடுகிற மீன். அது இல்லாமல் எங்கள் வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை. லந்தோனியின் ஙாரிக்கு இம்பாலில் அம்மாக்களே கடை போடுகிற இமா சந்தையில் தனி மவுசு. அங்கே உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் மொத்தமாக வாங்கி விற்பாள். லந்தோனியின் சொந்த ஊர்க்காரர்கள் அவள் வாசலில் வாங்கமாட்டார்கள், பஸ் ஏறி இம்பால் போய் அவளுடைய ஙாரியையே வாங்கிவந்து தின்று நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அவளும் இத்தனை காலம் பொறுத்துப் போனாள்.

தம்பல் திரும்பி வந்த மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர் கௌரமணி வந்தார். நல்ல மனுஷர்தான், சண்டை என்றால் ஆகாது. அந்தக் கரையிலிருந்து ஆள் வந்திருந்ததாகச் சொன்னார். இங்கோச்சா சோறு தண்ணி இறங்காமல் கிடக்கிறானாம். அவர்களும் பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லையாம். ஒரு மாய்பியைக் கூப்பிட்டு, அதாவது பூசாரி அம்மாளைக் கூப்பிட்டு, தம்பலை ஏரிக்கரையில் உட்காரவைத்து அந்தப் பார்வையை இறக்கும் சடங்கைச் செய்துவிட்டால் போதும். எல்லார் முன்னாலும் செய்யவேண்டும். செய்துவிட்டால் கல்யாணம், செலவெல்லாம் அவர்களுடையது. மறுநாள் மண்டபத்தில் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்றார்.

லந்தோனிக்கு இது பிடிக்கவில்லை. இறக்குவது என்றால் இருந்தது என்று ஒத்துக்கொள்வதுதானே. இத்தனை வருஷம் ஊர் முதுகுக்குப் பின்னால் சொன்னதை மகள் ஊர் நடுவில் உட்கார்ந்து ஆமாம் என்று சொல்லப்போகிறாள். அப்படிச் சொன்ன பிறகு அதை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியும்?

ஆனால் தம்பல் அதைப் பிடித்துக்கொண்டாள். பானை அறையில் அம்மாவின் எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அரை நாள் சடங்குதான இமா. கண்ண மூடிட்டு உக்காந்துட்டு எந்திரிச்சிடறேன். அவரு இல்லாம என்னால முடியாது."

லந்தோனி குலபிதுவைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். தான் வெளியூர்க்காரன், இந்த ஊர்ப் பேயைப் பற்றித் தனக்கு என்ன தெரியும், ஆனால் தன் பெண்ணை நாலு பேர் நடுவில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளிப்பதைத் தன்னால் பார்க்க முடியாது, அன்றைக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்றான். லந்தோனிக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பெற்றவள் பிடிவாதத்தால் பெண் வாழ்க்கை போயிற்று என்று நாளைக்குத் தம்பலே சொன்னால்? கடைசியில் அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அந்தக் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அத்தை இபெதோன், வெள்ளை மேல்துணியைத் தலைவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி. ஆண்கள் பக்கத்தில் இங்கோச்சா குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கரையில் ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு பிஷாக் முதல் ஆளாக வந்து தூணோரம் நல்ல இடம் பிடித்திருந்தாள். விடுவாளா?

கௌரமணி இனிமையாகப் பேசினார். இருவரும் சின்னஞ்சிறுசுகள், இரு ஊரும் ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவை, ஒரு சின்னச் சடங்கோடு எல்லாம் நல்லபடி முடியட்டும் என்றார். பையனின் பெரியப்பா ஆமோதித்தார். மாய்பிக்குச் சொல்லியாகிவிட்டது, நாளும் பார்த்தாகிவிட்டது. லந்தோனி என்ன சொல்கிறாள் என்று எல்லாரும் திரும்பினார்கள். சரி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் அத்தை குறுக்கே பேசினாள். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணையும் இப்பவே பேசிடலாம். நாளைக்கு இவளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்தா, பேரு வைக்கிறதுக்கு முன்னாடி அதுக்கும் இறக்கிடணும். நம்ம வீட்டுக்கு அது வரக்கூடாது பாருங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சுதானே என்று ஒருவர் முனகினார். கௌரமணி கூட ஆட்டினார்.

இன்னும் பிறக்காத குழந்தை. அதற்குப் பெயர்கூட இல்லை. அதற்குள் அதன் கண்ணில் குற்றம் கண்டுபிடித்தாகிவிட்டது. குட்டக் குட்டக் குனிந்த தன் அம்மாவை நினைத்தாள் லந்தோனி, தன்னை நினைத்தாள், அந்தப் பெயரில்லாத பெண்ணையும் நினைத்தாள்.  எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுக் கதைய எல்லாரும் சொல்லியாச்சு" என்றாள். "இன்னிக்கு நான் ஒருதரம் சொல்றேன். குறுக்க பேசாம கேளுங்க."

ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மழை பொய்த்ததையும், ஏரி வெடித்ததையும், கூந்தலையும், பேன் பார்க்க வந்த குழந்தைகளையும் ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். கண்ணாடியைச் சொல்லும்போது தன் உள்ளங்கையையே கண்ணாடியாகப் பிடித்துக் காட்டினாள். நன்றாகவே சொன்னாள், கதை சொல்ல அவளுக்கு வரும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பூசணிக்காய் வந்தபோது பின்னால் சிலர் வழக்கம்போலச் சிரித்தார்கள். ஈட்டி வந்தது, குளம் வந்தது, அவள் குதித்தாள். கதை எப்போதும் நிற்கிற இடம் அது. விளக்கும் நெல்லி மரமும்தான் பாக்கி என்று ஜனம் காத்திருந்தது. லந்தோனி அங்கே போகவில்லை.

"குதிச்சிட்டா. சரி. ஊர்ல வேற எங்கயும் பொட்டுத் தண்ணி இல்ல. மறுநாள் காலையில நீங்க எங்க தண்ணி எடுத்தீங்க?"

பின்னால் சிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் குளத்துலதான் எடுத்திருப்பீங்க. மழை வர்ற வரைக்கும் அதைத்தான் குடிச்சிருப்பீங்க. பேன் பாக்காம, யாரையும் கேக்காம. கதையில அது ஏன் வரமாட்டேங்குது?"

கௌரமணி, அம்மா, அது பழங்காலத்துக் கதை, இப்போது எதற்கு என்று இழுத்தார். லந்தோனி அவரை விட்டுவிட்டுத் தூணோரம் திரும்பினாள்.

"பழசு வேண்டாம், புதுசு பேசுவோம். பிஷாக் அக்கா, எங்க நெல்லி மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த உங்க மூங்கில் வேலி, இப்ப இந்தப் பக்கம் நிக்குது. வருஷா வருஷம் ஒரு முழம் நடந்து வருது. குளத்துல பாதியில மண்ணக் கொட்டி ரோடு போட்டாச்சு. கேக்க வந்தா, 'ஐயோ பாக்காத, வயிறு வலிக்குது'ன்னு சிரிச்சீங்க. புலி இருக்கிற புதர்ல எவனாவது தெனமும் போய் வெறகு வெட்டுவானா? இத்தன வருஷத்துல ஒருத்தருக்காவது ஈரல் காணாமப் போச்சா?"

பிஷாக் மேல்துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

"பயப்படறதுன்னா ஒழுங்கா பயப்படுங்க. எங்க வேலியத் தொடாதீங்க, எங்க குளத்துப் பக்கம் வராதீங்க, ராத்திரி எங்க வாசல்ல நெல்லு வெச்சிட்டுப் போங்க. பயம் இல்லன்னா மனுஷங்களா நடந்துக்குங்க. நெலத்த எடுக்கறப்ப பயம் இல்ல, பொண்ண எடுக்கறப்ப மட்டும் பயமா?"

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லந்தோனி இடம் கொடுக்கவில்லை.

"அவ தின்னாளோ தின்னலையோ, நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. ஆனா அவ எங்களப் பெத்தவ. எங்க அம்மா அவளுக்காகத் தலைகுனிஞ்சா, நானும் குனிஞ்சேன். போதும். அவள எம்பொண்ணு கண்ணுலேருந்து கழுவ நான் விடமாட்டேன். சடங்கு கெடையாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. பக்கத்தில் இருந்த மகளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அரை நாள் சடங்கு என்று கெஞ்சின பெண். என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாயே என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கரைக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பெரியப்பா, இந்த வாய்க்காரியிடம் சம்பந்தமா என்று கேட்டுவிட்டு எழப் போனார்.

தம்பல் எழுந்தாள். அவள் அம்மாவையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. நேரே இங்கோச்சாவைப் பார்த்தாள்.

"குழந்த ஏன் வாந்தி எடுத்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

இங்கோச்சா நிமிர்ந்தான். மறுபடியும் பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

தம்பல் தானே சொன்னாள். அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் மொய்ராங் சந்தையில் வேனை நிறுத்தி, குழந்தைக்கென்று அவன்தான் ஒரு பை நிறையப் புளிப்புக்காய் வாங்கினான். குழந்தை உப்பும் மிளகாயும் தொட்டு அந்தப் பையை ராத்திரியே காலி செய்தது. தடுக்காமல் சிரித்துக்கொண்டு பார்த்தவன் அவன். காலையில் வாந்தியில் வந்தது முழுக்க அந்தக் காய்த் துண்டுகள்தான். அம்மாவிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை, அவனே சொல்வான் என்று இருந்தாள்.

"வேன் வர்ற வரைக்கும் உங்க வாயையே பாத்துட்டு நின்னேன்" என்றாள். "இன்னிக்கும் வந்ததுலேருந்து பாத்துட்டிருக்கேன். எங்கம்மா இவ்வளவு பேசறாங்க, நீங்க பாயப் பிச்சிட்டு இருக்கீங்க."

"அத்த பேசும்போது நான் எப்படிக் குறுக்க..." என்றான் இங்கோச்சா. "சடங்கு முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்னுதான் தம்பல். உன்ன விட்டு என்னால இருக்க முடியாது."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை எல்லாரும் பார்த்தார்கள்.   தம்பல் அத்தையின் பக்கம் திரும்பினாள், அவள் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தாள், அத்தை பார்வையை விலக்கிக்கொள்கிறவரை பார்த்தாள்.

"பயப்படாதீங்க அத்த. உங்க வீட்டுப் பையன நான் நல்லாத் தேடிப் பாத்துட்டேன். தின்றதுக்கு அவருகிட்ட ஈரலே இல்ல."

முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் ஊரில் வாக்குவாதம் உண்டு. ஆண்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது என்பார்கள் சிலர். எனக்குத் தெரிந்து அது குலபிது. வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன மனுஷன் உளிப்பையோடு மண்டபத்துக்கு வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் சிரிக்க, பெண்கள் பக்கம் பற்றிக்கொண்டது. அந்தக் கரையிலிருந்து வந்திருந்த ஒரு கிழவர்கூடப் பல் இல்லாத வாயைத் திறந்துவிட்டார். இபெதோன் அத்தை துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள், பெரியப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். இங்கோச்சா கடைசியாகப் போனான். படியில் ஒருமுறை நின்றான், யாரும் கூப்பிடவில்லை, போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து தம்பல் குப்புறப் படுத்து அழுதாள். பெரிய வீராப்புப் பேசினவள் அழமாட்டாள் என்று யார் சொன்னது? அவனை அவள் உண்மையாகவே விரும்பினாள். அந்தக் குழந்தைக்குப் புளிப்புக்காய் வாங்கிக்கொடுத்த அவன் கையைக்கூட அவளுக்குப் பிடித்திருந்தது.  லந்தோனி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் ஓய்ந்ததும், தன்மேல் கோபமா என்று கேட்டாள்.

"இல்ல இமா" என்றாள் தம்பல் தலையணைக்குள்ளிருந்து. "நீ பேசலன்னா நான் போயி உக்காந்திருப்பேன். கண்ண மூடிட்டு உக்காந்தே இருந்திருப்பேன்."

சாயங்காலம் பிஷாக் வந்தாள். அந்த வீட்டுப் படலைத் தாண்டி அவள் உள்ளே வந்ததை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்து, முற்றத்தில் நின்று, இங்குமங்கும் பார்த்துவிட்டு, எரோம்பா மசிக்கிற வாசனை தன் வீடுவரை வருகிறது என்றாள். உருளைக்கிழங்கும் அவரையும் ஙாரியும் போட்டு லந்தோனி மசித்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் பேசினது பேசினதாக இருக்கட்டும், அண்டை அயலில் மனஸ்தாபம் எதற்கு, ஒரு வாய் சோறு போடு, உட்கார்ந்து தின்கிறேன் என்றாள். ஊர் முழுக்கப் பார்க்கும்படி தின்கிறேன் என்றும் சொன்னாள். அது சாதாரண விஷயமில்லை. லந்தோனியின் அம்மா உயிரோடு இருந்து கேட்டிருந்தால் ஓடிப்போய்ப் பாயை விரித்திருப்பாள்.

லந்தோனி மசிப்பதை நிறுத்தவில்லை.

"வேலி அக்கா" என்றாள். "மொதல்ல வேலி. அது பழைய எடத்துக்குப் போகட்டும், அப்புறம் பாய் போடறேன்."

பிஷாக் முகம் சிறுத்துத் திரும்பிப் போனாள். உனக்கு வாய் நீண்டுவிட்டது என்று படலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டும் போனாள். இது நடக்கிற காரியமா என்று குலபிது சந்தேகப்பட்டான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பக்கத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பிஷாக்கின் புருஷன் மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குலபிது பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் தானும் போய்க் குழி தோண்டிக் கொடுத்தான். நெல்லி மரங்களுக்கு அந்தப் பக்கம் கடைசி மூங்கிலை நட்டு மண்ணை மிதித்ததும் பிஷாக் கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். லந்தோனி பாயை விரித்தாள். தம்பல் கண்ணெல்லாம் வீங்கியிருக்க, சோற்றையும் எரோம்பாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். வேலிக்கு வெளியே பத்துப் பேர் நின்றார்கள்.

பிஷாக் ஒரு கவளம் உருட்டினாள். கை பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். தம்பல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்க பெரியம்மா" என்றாள் தம்பல். "நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

பிஷாக் வேலிக்கு வெளியே நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் கவளத்தை வாயில் போட்டு மென்றாள்.